பெயர்ச்சீட்டும் நாதமும்

சங்கீத விமரிசனம் என்ற பெயரில் நம்மிடையே நடமாடுவதில் பெரும்பகுதி வாசித்தவரைப் பற்றிய விமரிசனமாகவே இருக்கிறது. வாசிக்கப்பட்ட பொருளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வீணை வித்வானைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவோம். அந்த வீணைக்குப் பலா மரத்தைத் தேர்ந்து, குடைந்து, மெழுகு வைத்து மெட்டுப் பதித்த தஞ்சாவூர்க் கைக்குப் பத்து வரி ஒதுக்க மாட்டோம். கருவியைப் பற்றிப் பேசுவது வியாபாரியின் பேச்சு, ரசிகனுக்கு அது அழகல்ல என்று ஓர் எண்ணம். எனக்கு அது சம்மதமில்லை. நூலின் தரம் தெரியாமல் துணியைப் பற்றிப் பேசுகிறவனின் பேச்சை எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். சங்கீதத்துக்கு மட்டும் வேறு நியாயம் ஏன் என்று எனக்குப் புரிவதில்லை.

ஆகவே இந்தத் தடவை ஒரு வாத்தியத்தை வாத்தியமாகவே எடுத்துக்கொண்டு எழுத உத்தேசம். அதுவும் மின்சாரக் கிதாரைப் பற்றி. வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கொங்கு நாட்டில் கோயில் நோம்பிக்கு மெல்லிசைக் கச்சேரி வைக்காத ஊர் இன்று அபூர்வம். அந்த மேடையில் தவிலுக்கு இடம் இருக்கிறதோ இல்லையோ, கிதாருக்கு இருக்கிறது. மாதா கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அது ஒலிக்கிறது. கிதார் வெளியூர்ச் சரக்கு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிடிலும் வெளியூர்ச் சரக்குத்தான். வந்து இருநூறு வருஷம் ஆகிவிட்டதால் அதை நாம் மறந்துவிட்டோம். மின்சார மாண்டலினை வைத்துக்கொண்டு ஒரு சிறுவன் கர்நாடக சங்கீத மேடையில் ஏறியபோதும் இதே முணுமுணுப்பு எழுந்தது. பிறகு அந்த ஸ்ரீநிவாஸின் பெயரோடு மாண்டலின் என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது. 1980களில் சுகுமார் பிரசாத் மின்சாரக் கிதாரிலேயே ராக ஆலாபனை செய்து காட்டினார். இளையராஜா கிதார் வாசித்துக்கொண்டே சினிமாவுக்குள் வந்தவர். எனவே இந்த வாத்தியத்துக்கு நம் வீட்டில் இடம் உண்டா என்ற கேள்வி முடிந்துபோன கேள்வி. எந்தக் கிதார் நல்ல கிதார், எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் பாக்கி.

முதலில் இந்த வாத்தியத்தில் சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடவேண்டும். இல்லாவிட்டால் பெயர்களின் காட்டில் வழி தவறிவிடுவோம். வீணையில் குடம் பாடுகிறது. சாதாரணக் கிதாரில் வயிற்றுப் பலகை பாடுகிறது. மின்சாரக் கிதாருக்கு வயிறே கிடையாது. பெரும்பாலும் அது ஒரு கெட்டிப் பலகை. எஃகுத் தந்திகளின் அடியில் காந்தமும், அதைச் சுற்றித் தலைமயிரை விட மெல்லிய செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றிய ஒரு சுருளும் இருக்கும். இதைத்தான் பிக்கப் என்கிறார்கள். தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் குலுங்குகிறது. சுருளில் மிக மெல்லிய மின்சாரம் எழுகிறது. அதை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்குத் தருகிறது. கோயம்புத்தூர் முதல் தாராபுரம் வரையில் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்காரர் எவரைக் கேட்டாலும் இதை என்னைவிட நன்றாக விளக்குவார். அவர் கட்டுகிற காயில் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு சுழற்சியைத் தருகிறது. இந்தக் காயில் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு மின்சாரத்தைத் தருகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தக் கலையில் இரண்டு பெரிய வீடுகள் இருக்கின்றன. ஒன்று ஃபெண்டர், மற்றொன்று கிப்ஸன். மற்ற எல்லாரும் இந்த இரண்டில் ஒன்றுக்கு மகனாகவோ மருமகனாகவோ இருப்பவர்கள்தாம்.

லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தைக் கொண்டே அவர் செய்த வாத்தியத்தின் குணம் முழுவதையும் சொல்லிவிடலாம். 1950ல் அவர் கடைக்குக் கொண்டுவந்த கெட்டிப் பலகைக் கிதாருக்கு முதலில் பிராட்காஸ்டர் என்று பெயர். வேறொரு கம்பெனி அந்தப் பெயர் தன்னுடையது என்று ஆட்சேபித்ததால் 1951 முதல் டெலிகாஸ்டர் ஆயிற்று. ஒரு பலகை, அதில் நான்கு திருகாணிகளால் முடுக்கிய ஒரு தண்டி, இரண்டு பிக்கப், தீர்ந்தது. தண்டி கெட்டுப்போனால் கழற்றி வேறு தண்டி போட்டுக்கொள்ளலாம். ஓவர்லாக் மெஷினில் ஊசி மாற்றுவதுபோல. வாத்தியக் கலைஞன் இப்படி யோசித்திருக்க மாட்டான், ரிப்பேர்காரன்தான் யோசிப்பான். 1954ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்கப் மூன்றாயின. விலாவில் உறுத்தாதபடி உடம்பு வளைவாகச் சீவப்பட்டது. குதிரையில் வில் வைத்து, ஒரு கைப்பிடியால் ஸ்ருதியை அசைக்க வழி செய்யப்பட்டது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1970ல் இறக்கும்வரையில் உலகத்தை அதட்டியது பெரும்பாலும் இந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுதான்.

கிப்ஸன் வேறு ஜாதி. மிஷிகன் மாகாணத்தில் கலமஸூவில் 1902 முதல் தொழில் நடத்திவந்த பழைய வாத்தியக் கம்பெனி அது. வளைந்த முகப்புள்ள மாண்டலினும் கிதாரும் செய்து பழகிய தச்சர்கள் அங்கே இருந்தார்கள். பலகையில் திருகாணி போட்டு ஒட்டுவது அவர்களுக்குக் கேவலமாகப் பட்டிருக்கவேண்டும். 1952ல் லெஸ் பால் என்ற பிரபல வாசிப்பாளரின் பெயரைத் தாங்கி அவர்கள் கொண்டுவந்த கிதாரில் மஹாகனி உடம்பு. அதன்மேல் செதுக்கிய மேப்பிள் முகப்பு. தண்டியை உடம்பில் பொருத்திப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். கனமான வாத்தியம். 1957 முதல் அதில் ஸெத் லவர் என்ற அவர்களுடைய பொறியாளர் வகுத்த இரட்டைச் சுருள் பிக்கப் ஏறியது. அதற்குக் காப்புரிமை கேட்டு 1955லேயே மனுப் போட்டிருந்தார்கள். கிடைக்கும்வரையில் 'மனுச் செய்யப்பட்டுள்ளது' என்று ஒரு சின்னச் சீட்டை அடியில் ஒட்டி அனுப்பினார்கள். அந்தச் சீட்டு ஒட்டிய பழைய பிக்கப்புக்கு இன்று கொடுக்கிற விலையில் பல புதுக் கிதார்கள் வாங்கலாம். சீட்டின் மகிமையைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

இந்த இரண்டுக்கும் நாதத்தில் என்ன பேதம்? ஃபெண்டரின் ஒற்றைச் சுருளில் ஸ்வரம் தனித்தனியாக, ஓரம் தெரிய, மணி தட்டியதுபோல விழுகிறது. டெலிகாஸ்டரில் குதிரையோரப் பிக்கப்பின் சத்தம் சில சமயம் காதைக் கீறும். ஆனால் பத்து வாத்தியம் சேர்ந்து முழங்கும் மேடையில் அது ஒன்றுதான் பிசிறில்லாமல் வெளியே வரும். கிப்ஸனின் இரட்டைச் சுருளில் நாதம் கனிந்து, தடித்து, நீண்டு நிற்கும். ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு விரலை அசைத்துக்கொண்டே இருந்தால் அது குரலாகிவிடும். பி. பி. கிங் தம்முடைய கிப்ஸனை ஒரு பெண்பிள்ளையின் பெயர் சொல்லி அழைத்ததில் ஆச்சரியமில்லை.

நம்முடைய சங்கீதத்தை வாசிக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு முக்கியம். ஃபெண்டரில் தந்தியின் ஓடும் நீளம் இருபத்தைந்தரை அங்குலம். கிப்ஸனில் இருபத்துநாலே முக்கால். முக்கால் அங்குலம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். தந்தி குறுகினால், அதே ஸ்ருதிக்கு விறைப்புக் குறைகிறது. விறைப்புக் குறைந்தால் விரலால் பக்கவாட்டில் இழுப்பது சுலபம். கமகம் என்பதே அந்த இழுப்பில்தானே இருக்கிறது! காந்தாரத்தை ஆட்டிப் பிடிக்க வேண்டியவனுக்கு ஒரு மாலை முழுவதும் அந்த முக்கால் அங்குலம் விரல் நுனியில் தெரியும். 1970களில் ஷக்தி குழுவில் விநாயக்ராமுடனும் ஜாகிர் உசேனுடனும் வாசித்த ஜான் மக்லக்லின், வீணையைப் பார்த்து, தம் கிதாரின் மெட்டுகளுக்கு இடையே பலகையைக் குழிவாகக் குடைந்து வைத்துக்கொண்டார். நம்முடைய தேவையை முதலில் உணர்ந்து மரத்தில் கை வைத்தவர் ஒரு வெள்ளைக்காரர் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒற்றைச் சுருளுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது தந்தியை மட்டும் கேட்பதில்லை. பக்கத்திலுள்ள மின்சாரத்தையும் கேட்கிறது. நம் மின்சாரம் விநாடிக்கு நூறு தடவை திசை மாறுவது. அதன் ரீங்காரம் ஒற்றைச் சுருளில் ஒரு தம்பூராவைப்போல, ஆனால் ஸ்ருதி சேராத தம்பூராவைப்போல, அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். இரட்டைச் சுருளில் ஒன்றை மற்றொன்றுக்கு எதிராகக் கட்டியிருப்பதால் இரண்டிலும் எழும் ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துப் போட்டுவிடுகிறது. தந்தியின் ஒலி மட்டும் இரட்டிக்கிறது. பாலைவனத்து நடுவில் வாசிப்பவனுக்கு இது பெரிதல்ல. மேலே டியூப் லைட், கீழ் மாடியில் முப்பது பவர் மெஷின், அடுத்த சந்தில் நிட்டிங் ஃபாக்டரி, எதிரே டிரான்ஸ்ஃபார்மர் என்று இருக்கிற திருப்பூர்ச் சந்தில் இது சாமானியமான குறையல்ல. நியாயமாகப் பார்த்தால், எங்கள் ஊருக்கு ஏற்றது கிப்ஸன் ஜாதிப் பிக்கப்தான்.

வேறு ஒரு விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஏற்றது ஃபெண்டர் ஜாதி. கிப்ஸனின் தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும். தண்டியும் தலையும் ஒரே மஹாகனித் துண்டில் சீவப்பட்டவை. அந்தக் கழுத்துச் சந்தில் மரத்தின் ரேகை குறுக்கே போவதால், நின்ற வாத்தியம் தரையில் சாய்ந்தால் பல சமயம் தலை முறிந்துவிடும். நோம்பிக் கச்சேரி முடிந்து விடியற்காலை மினி லாரியில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே பயணம் செய்யும் வாத்தியத்துக்கு இது ஆகாது. ஃபெண்டரின் தலை தண்டியோடு நேராக இருக்கிறது. விழுந்தால் வண்ணம் பெயரும்; எழுந்து வாசிக்கும்.

இந்த அபிப்பிராயங்களைப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. அவிநாசியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் இரண்டு மாலை உட்கார்ந்து ஐந்து கிதார்களைக் கேட்டேன். அமெரிக்கக் கிப்ஸன் ஒன்று, மெக்ஸிகோவில் செய்த ஃபெண்டர் ஒன்று, ஸ்க்வயர் ஒன்று, எபிஃபோன் ஒன்று, யமஹா ஒன்று. ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே கை. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். ஒற்றைச் சுருள் எது, இரட்டைச் சுருள் எது என்று ஒரு தடவையும் சந்தேகம் வரவில்லை. கொடியில் காயும் பனியனையும் ஜமுக்காளத்தையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் தெரிகிற மாதிரித் தெரிந்தது. ஆனால் மெக்ஸிகோ ஃபெண்டருக்கும் ஸ்க்வயருக்கும் உள்ள பேதம், நாதத்தைப் பொறுத்தவரையில், நூலிழையாகவே இருந்தது. கிப்ஸனுக்கும் எபிஃபோனுக்கும் நடுவே அதைவிடச் சற்று அதிகம். ஸ்வரம் மங்கி அடங்குகிற கடைசிக் கட்டத்தில் கிப்ஸன் ஒரு மூச்சு அதிகம் நின்றது. அந்த ஒரு மூச்சுக்கு லட்சக்கணக்கில் விலை.

மாடியில் என்னோடு ஒரு பையன் உட்கார்ந்து கேட்டான். இருபத்திரண்டு வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழுவில் வாசிக்கிறவன், இரவல் கிதார். தீபாவளி போனஸையும் ஒரு வருஷச் சேமிப்பையும் சேர்த்து முடிந்து வைத்திருந்தான். எல்லாம் கேட்டுவிட்டு, “ஏனுங்கண்ணா, நாம பேருக்குக் காசு குடுக்கறமுங்களா, சத்தத்துக்குக் குடுக்கறமுங்களா?” என்று கேட்டான். பிறகு அவனே, “எங்க கம்பெனியில ஒரே ரோல் துணியில ரெண்டு பேருக்கு டீ-சர்ட் தைக்கறமுங்க. ஒண்ணு எரநூறு, இன்னொண்ணு ரெண்டாயிரம். லேபிள்தானுங்க வேற” என்றான்.

கிதார் விஷயத்தில் இதைவிட நல்ல விமரிசன வாக்கியம் ஒன்றை நான் படித்ததில்லை. எனவே அந்த வழியிலேயே கொஞ்சம் போகலாம்.

1970களில் ஜப்பானியக் கம்பெனிகள் அமெரிக்கக் கிதார்களை அப்படியே நகல் எடுத்து விற்றன. ஐபனெஸ் என்ற பெயரில் விற்ற நகோயா ஊர்க் கம்பெனியின்மேல், கிதாரின் தலை வடிவத்தைத் திருடிவிட்டதாக, 1977ல் கிப்ஸனின் தாய்க் கம்பெனி வழக்கே போட்டது. ஃபெண்டரின் நிலைமை இன்னும் சங்கடம். லியோ ஃபெண்டர் 1965ல் தம் கம்பெனியை ஸி. பி. எஸ். என்ற ஒலிபரப்பு ஸ்தாபனத்துக்கு ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அளவு கூடியது, தரம் இறங்கியது என்று வாசிப்பவர்கள் குறைப்பட்டார்கள். நகல் அசலைவிட நன்றாக இருக்கிறது என்ற பேச்சு எழுந்தபோது, ஃபெண்டர் செய்தது புத்திசாலித்தனமான காரியம். 1982ல் தானே ஜப்பானில் கிதார் செய்யச் சொல்லி, தான் முன்பு வாங்கிப்போட்டிருந்த ஒரு பழைய தந்திக் கம்பெனியின் பெயரை அதற்குச் சூட்டியது. அதுதான் ஸ்க்வயர். எபிஃபோனின் கதையும் ஏறக்குறைய இதே போன்றதுதான். ஒரு காலத்தில் கிப்ஸனுக்குச் சரிநிகர் போட்டியாக நின்ற பெயர் அது. 1957ல் கிப்ஸனின் தாய்க் கம்பெனியே அதை வாங்கியது. இன்று கிப்ஸனின் மலிவுச் சரக்கு அந்தப் பெயரில் வருகிறது. போட்டியாளனை வாங்கி வீட்டு வாசலில் உட்கார வைப்பது வியாபாரத்தில் புதிதல்ல.

இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் பார்த்தால் காட்சி முழுவதும் திருப்பூர்தான். கோர்ட் என்ற கொரியக் கம்பெனி இந்தோனேஷியாவில் சுரபாயாவில் நடத்தும் தொழிற்சாலையில் தன் பெயரிலும் பிறர் பெயர்களிலும் கிதார் செய்கிறது. ஐபனெஸ், ஸ்க்வயர் என்று பெயர் தாங்கி வந்த பல கிதார்கள் அங்கே பிறந்தவை. ஒரே கூரை, ஒரே ரம்பம், வேறு வேறு லேபிள். கொரியாவில் இருந்த தன் தொழிற்சாலைகளை இந்தக் கம்பெனி 2007ல் மூட ஆரம்பித்து ஆட்களை நீக்கியது, நீக்கப்பட்டவர்கள் விடவில்லை, அந்தப் போராட்டம் 2019ல்தான் ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. பன்னிரண்டு வருஷம்! 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் எங்களுடையது. கூலி எங்கே மலிவோ அங்கே ஆர்டர் ஓடும் என்ற சூத்திரம் எங்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. கிதாரின் விலையில் இந்தக் கூலியும் இருக்கிறது. சத்தத்தை மட்டும் கேட்டு, அதை மறந்துவிடுகிற ரசனை முழு ரசனை ஆகாது.

ஆனால் இதிலிருந்து, 'எல்லாம் ஒன்றுதான், பெயர் வெறும் ஏமாற்று' என்று முடிவு கட்டுவதும் அவசரம். செக்கிங் மேஜையில் நிற்கிறவனுக்குத் தெரியும்: ஒரே ரோல் துணியானாலும், ஒரு வியாபாரி நூற்றுக்கு இரண்டு பழுதுக்குமேல் ஒத்துக்கொள்ள மாட்டான், இன்னொருவன் பத்தானாலும் வாங்கிக்கொள்வான். பெயருக்குக் கொடுக்கிற காசில் ஒரு பகுதி இந்தக் கண்டிப்புக்குப் போகிறது. மலிவுக் கிதாரில் மிச்சம் பிடிப்பது மரத்திலோ பிக்கப்பிலோ அதிகம் இல்லை; கடைசி ஒரு மணி நேரக் கைவேலையில்தான். மெட்டுகளின் முனையைச் சீவி வழுவழுப்பாக்குவது, எல்லா மெட்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று இழைத்துப் பார்ப்பது, தலைமாட்டில் தந்தி உட்காரும் பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அராவுவது. இவை காலம் தின்னும் வேலைகள். காலந்தான் கூலி.

யமஹாவின் பெருமை இங்கேதான் இருக்கிறது. 1990 வாக்கில் அவர்கள் கொண்டுவந்த பசிஃபிகா வரிசையை நான் ஆரம்பக்காரனுக்கு முதல் இடத்தில் வைப்பேன். அதில் மேதைமை ஒன்றும் கிடையாது. யாரும் அதன்மேல் காதல்கொண்டு கவி எழுத மாட்டார்கள். ஆனால் பத்துப் பசிஃபிகாவை எடுத்தால் பத்தும் ஒரே மாதிரி இருக்கும். அந்த வரிசையின் 112 ரகத்தில் இரண்டு ஒற்றைச் சுருளும் குதிரையோரத்தில் ஓர் இரட்டைச் சுருளும் உண்டு. ஃபெண்டரின் மணியும் கிப்ஸனின் கனிவும், முழுசாக இல்லாவிட்டாலும் முக்காலாவது, ஒரே பலகையில் கிடைக்கின்றன. ஸ்க்வயரில் நல்லது மிக நல்லதாக இருக்கிறது. ஆனால் ஒரே ரகத்தில் ஒன்று தங்கம், அடுத்தது பித்தளை. தேர்ந்து எடுக்கத் தெரிந்தவன் வாங்கலாம். தபாலில் வரவழைக்கிறவன் யோசிக்கவேண்டும். ஐபனெஸ் தண்டி மெல்லியது. விரல் வேகமாக ஓடும். வேகத்தை விரும்புகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். எனக்கு அதன் நாதத்தில் முகம் தெரியவில்லை. நல்ல மேடைப் பேச்சாளர் கட்சி மாறிக்கொண்டே இருப்பதுபோல, எந்தக் குரலும் அதற்கு வருகிறது, சொந்தக் குரல் மட்டும் வருவதில்லை. எபிஃபோன், கனத்த நாதம் வேண்டுபவனுக்கு நியாயமான விலையில் கிடைக்கும் வழி. தலை முறியும் அபாயத்தையும் தகப்பனிடமிருந்து அது வாரிசாகப் பெற்றிருக்கிறது.

விலையைப் பார்ப்போம். ஆரம்ப ரக ஸ்க்வயர், யமஹா, ஐபனெஸ் எல்லாம் இருபதாயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின். மெக்ஸிகோ ஃபெண்டர் அதைப்போல் நாலைந்து மடங்கு. அமெரிக்கக் கிப்ஸன் லட்சங்களில். முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறும்போது கொடுக்கும் பணத்துக்குப் பிரடை, குதிரை, மெட்டுச் சீவல் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரிந்த லாபம் இருக்கிறது. இரண்டிலிருந்து மூன்றாம் படிக்கு ஏறும்போது பெரும்பகுதி பெயருக்கே போகிறது என்பது என் துணிபு. 1958 முதல் 1960 வரையில் செய்த லெஸ் பால் கிதார்கள் அந்தக் காலத்தில் சரியாக விலைபோகவில்லை. கம்பெனியே அந்த வடிவத்தைக் கைவிட்டு 1961ல் வேறு வடிவத்துக்குப் போனது. அதே கிதார்களை இன்று பல லட்சம் டாலர் கொடுத்து இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள். வாசிக்கப்படாத வாத்தியத்தின் விலைக்கும் சங்கீதத்துக்கும் சம்பந்தமில்லை. பெயர் மட்டும் ஒரு கம்பெனியைக் காப்பாற்றுவதுமில்லை. அவ்வளவு பெரிய கிப்ஸனே 2018ல் அமெரிக்கக் கோர்ட்டில் திவால் மனுக் கொடுத்துத்தான் கடனிலிருந்து மீண்டது.

நம் நாட்டுக் கிதார்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடித்தால் அநியாயம். வெளிநாட்டுச் சரக்கு சுலபத்தில் வராத காலத்தில் கல்கத்தாவிலிருந்து கிவ்ஸன் என்று ஒரு கிதார் வந்துகொண்டிருந்தது. ஓர் எழுத்தை மாற்றிப்போட்ட பெயர்! ஹாப்னர் என்றும் ஒன்று. அதுவும் ஜெர்மானியப் பெயரின் நிழல். மெட்டு விரலைக் கிழிக்கும்; மேல் மெட்டுகளில் ஸ்ருதி விலகும். ஆனால் நாட்டில் எத்தனையோ மெல்லிசைக் குழுக்களும் கோயில் பாடகர் குழுக்களும் கிதார் என்று முதலில் கைவைத்தது இவற்றின்மேல்தான். நாதத்தில் குறை சொல்லலாம், சேவையில் சொல்லமுடியாது. என் மனசுக்கு ஒவ்வாதது அந்தப் பெயர்தான். சொந்தக் கையால் செய்த பொருளுக்கு ஏன் இரவல் பெயர்?

ஏனென்றால் சாமான்கள் நம்முடையவை. உலகத்துக் கிதார்களில் விரல் ஓடுகிற கறுத்த பலகைக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் பேர்போனது. தோதகத்தி என்றும் சொல்வார்கள். பிரேசில் நாட்டு மரம் கிடைப்பது அரிதானபிறகு, 1969ல் மார்ட்டின் போன்ற பழைய கம்பெனிகளே நம் ஈட்டிக்கு மாறின. 2011ல் அமெரிக்க அதிகாரிகள் கிப்ஸன் தொழிற்சாலைகளில் புகுந்து மரம் கைப்பற்றியபோது, அதில் இருந்தது இந்தியாவிலிருந்து போன ஈட்டியும் கருங்காலியுந்தான். சர்வதேச ஒப்பந்தத்தின்படி 2017ல் ஈட்டி வகை முழுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. கிதார்க்காரர்கள் முறையிட்டு, 2019ல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்கு வாங்கினார்கள். மரம் இங்கே, செப்புக் கம்பி சுற்றுகிற கை கோயம்புத்தூரில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் திருப்பூரில். இவ்வளவும் இருந்தும், பிறர் பெயருக்குத் தைத்துக் கொடுப்பதில் உள்ள நிம்மதி நமக்குப் பழகிப்போய்விட்டது.

இனி, வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சச் சரக்கு வாங்கும்போது லேபிளைப் பார்க்காமல் தையலைத் திருப்பிப் பார்க்கிறோமே, அதே புத்தி போதும். தண்டியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பாருங்கள். கோணல் இருந்தால் தெரியும். மெட்டுகளின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். நம் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். ஆடிக் காற்றில் மரம் காய்ந்து சுருங்கினால் மெட்டு முனை வெளியே துருத்தும். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அமுக்கி மீட்டுங்கள். எங்காவது கரகரத்தால் வைத்துவிடுங்கள். பன்னிரண்டாம் மெட்டில் அமுக்கினாலும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு விட்டாலும் ஒரே ஸ்ருதி வரவேண்டும். தந்தியை நாலு தடவை பலமாக இழுத்துவிட்டு, ஸ்ருதி நிற்கிறதா என்று பாருங்கள். இவ்வளவும் தேறினால் தலையில் என்ன எழுதியிருந்தாலும் பாதகமில்லை.

இன்னொன்று. கையிலுள்ள பணம் முழுவதையும் கிதாரில் கொட்டிவிடக் கூடாது. மின்சாரக் கிதார் பாதி வாத்தியந்தான்; மறுபாதி ஆம்ப்ளிஃபயர். லண்டனில் ஜிம் மார்ஷல் 1962ல் ஆம்ப்ளிஃபயர் செய்யத் தொடங்கியிராவிட்டால் இன்று நாம் ராக் சங்கீதம் என்று சொல்கிற சத்தத்தில் பாதி இருந்திருக்காது. நல்ல ஆம்ப்ளிஃபயரில் மலிவுக் கிதார் கௌரவமாகப் பேசும். கெட்ட ஆம்ப்ளிஃபயரில் கிப்ஸனும் திருவிழா ராட்டினத்துக் குழாய் ஸ்பீக்கர்போலக் கத்தும். மொத்தப் பணத்தை மூன்றாகப் பங்கிட்டு, ஒரு பங்கைக் கிதாருக்கும் ஒரு பங்கை ஆம்ப்ளிஃபயருக்கும் கொடுங்கள். மூன்றாம் பங்கில் மெட்டுகளை மட்டப்படுத்தித் தரத் தெரிந்த ஒரு நல்ல கைக்காரருக்குக் கூலி கொடுத்து, இரண்டு செட் தந்தியும் வாங்கிக்கொண்டு, மீதியை வாத்தியார் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைக்காரர் கேட்கிற கூலியில் மட்டும் பேரம் பேசவேண்டாம்.